சிவப்பு டூ சீட்டருக்கு விண்டர் டயர்

ஜனவரி மாதம், காலை எட்டரை மணி இருக்கும். ஒரு டோ டிரக் எங்கள் கடை வாசலில் சிவப்பு டூ சீட்டர் ஒன்றை இறக்கியது. பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. அக்டோபரில் நானே டயர் தேர்ந்தெடுத்துக் கொடுத்து அனுப்பிய கார். டிரக்கின் முன்சீட்டிலிருந்து காயத்ரி இறங்கினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

பிளெய்ன்ஸ்பரோவுக்குப் பக்கத்தில், ரூட் ஒன் ஹைவே மேல் இருக்கிற டயர் கடையில் இருபது வருஷமாகக் கவுன்ட்டர் பார்க்கிறேன். புதிதாகக் கவுன்ட்டரில் நிற்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மானம் போனாலும் பரவாயில்லை.

அக்டோபரில் காயத்ரி கணவர் சுரேஷோடு வந்திருந்தார். ஜோடியாக யார் வந்தாலும் என் கண் தானாக ஆம்பளை பக்கம்தான் போகும். ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம், இங்கேயும் என்னோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. "சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்தேன். காரில் இருந்தது சம்மர் டயர். குளிரில் அந்த ரப்பர் விறைத்துப்போய்ப் பிடிப்பே இருக்காது, மாற்றியே ஆகவேண்டும். ஸ்னோவில் ஓட்டுவீர்களா என்று கேட்டேன். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் வரைக்கும்தான் போவேன், ஸ்னோ வந்தால் வொர்க் ஃப்ரம் ஹோம்தான் என்றார் சுரேஷ். அப்படியானால் வருஷம் முழுக்க ஓட்டுகிற ஆல் சீசன் டயர் போதும் என்று எழுதிவிட்டேன். நடுவில் காயத்ரி ஏதோ சொல்ல வந்தார். ஒரு நிமிஷம்மா என்று சொல்லிவிட்டு சார் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுரேஷ் பொய் சொல்லவில்லை. வாரத்தில் தான் ஓட்டுகிற இரண்டு நாளைப் பற்றிச் சொன்னார். மற்ற நாளெல்லாம் ஓட்டுவது காயத்ரி. ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் பார்க்கிற வேலை. அன்று காலை ஏழு மணி ஷிஃப்டுக்குப் போகும்போது, ஹைவேயில் ஏறுகிற ராம்ப்பில், ஸ்னோ மேல் பிரேக்கைத் தொட்டிருக்கிறார். பின்பக்கம் சுழன்று, கார் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் வண்டி எதுவும் வராததால் பிழைத்தார். இவர் போய்ச் சேரும்வரை நைட் ஷிஃப்ட் பார்த்த பெண் வீட்டுக்குப் போகமுடியாது.

"அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"சொல்ல வந்தேன் அங்கிள். நீங்க அவர்கிட்ட பேசிட்டிருந்தீங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். அவமானமாக இருந்தது எனக்கு.

கடை டிரக்கில் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். போகிற வழியில், அக்டோபரில் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். ஸ்னோ உருக ரோட்டில் உப்பு போடுவதற்கு முன்னாலேயே கிளம்புகிறார். கார் நிற்பது ஆஸ்பத்திரி பார்க்கிங் டெக்கின் மொட்டை மாடியில். பன்னிரண்டு மணி நேரம் பனியில் கிடந்த டயரோடு, ஷிஃப்ட் முடிந்து அந்தச் சரிவில் இறங்க வேண்டும். இவ்வளவு கேட்டபிறகு ஆல் சீசன் என்று எவனும் எழுத மாட்டான்.

அப்போது சுரேஷ் போனில் வந்தார். காயத்ரி ஸ்பீக்கரில் போட்டார். ரியர் வீல் டிரைவ்தானே, பின்னால் இரண்டு மட்டும் விண்டர் டயர் போட்டால் போதாதா என்றார். வாரத்துக்கு ஒருவர் கேட்கிற கேள்விதான். இரண்டு போட்டால் கார் கிளம்பும், ஆனால் திரும்பாது, நினைத்த இடத்தில் நிற்காது என்றேன். முன்பெல்லாம் அதற்குமேல் அவரிடமே பேசி முடித்திருப்பேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு காயத்ரியைப் பார்த்தேன்.

"நாலும் போடுங்க அங்கிள்" என்றார்.

ஸ்போர்ட்ஸ் காரில் இதோடு வேலை முடியாது. பத்தொன்பது இன்ச் வீலைக் கழற்றிவிட்டு, பதினெட்டு இன்ச்சில் கொஞ்சம் ஒல்லியான டயராகத் தேர்ந்தெடுத்தேன். அகலமான டயர் ஸ்னோ மேல் மிதக்கும், ஒல்லியானது கீறிக்கொண்டு இறங்கும். ஆனால் சின்ன வீல், உள்ளே பிரேக் டிஸ்க்கைக் கவ்வுகிற பெரிய காலிப்பரில் இடிக்கலாம். அதனால் டயர் மாட்டாமல் வெறும் வீலை முதலில் பொருத்தி, கையால் சுற்றிப் பார்த்தேன். இடிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கார் ரெடி.

பிப்ரவரியில் அதைவிடப் பெரிய ஸ்னோ. மனசு கேட்காமல் காலை ஏழேகாலுக்கு காயத்ரிக்கு ஒரு மெசேஜ் போட்டேன். ஷிஃப்டில் இருக்கிறேன், வழியில் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை என்று பதில் வந்தது.

டயர் சைஸ் காரின் கதவிலேயே எழுதியிருக்கும், அதை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். ஓட்டுகிற ஆளைத்தான் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட வந்தவரைக் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த மெசேஜ் வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், ஸ்னோவில் உன் கார் எப்படிப் போகிறது என்று என் மனைவியைக் கேட்டேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நவம்பர் தேங்க்ஸ்கிவிங்லேர்ந்து பிரேக் போட்டா லெஃப்ட்ல இழுக்குது. என்னிக்காவது கேப்பீங்கன்னு இருந்தேன்."