அரிசி மூட்டைகளுக்கு மேலே ஒரு ஜாஸ் பாடகி

இந்த நேரத்தில் பதிவு போடுவதற்கு மன்னியுங்கள். மகள் ஆதினி இப்போதுதான் கண் மூடினாள். எனக்கு வேறு நேரம் கிடைப்பதில்லை.

ஆதினிக்கு மூன்று வயது இரண்டு மாதம். இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை, 'அம்மா' கூட இல்லை. வருகிற புதன்கிழமை பேச்சுப் பயிற்சியாளரிடம் முதல் சந்திப்பு. அதற்கு முன் அவளுக்கு ஓரிடத்தைக் காட்டிவிட வேண்டும் என்று போன சனிக்கிழமை பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு அவளோடு போனேன்.

காரணம் டெல்லா ஹார்வின். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து பாரிஸ் நிலவறைகளில் பாடிய கறுப்பினப் பெண். நான் பிறக்குமுன்பே இறந்துபோனவள். ஜாஸ் எனக்குத் தெரியாது. கைக்குழந்தையோடு விழித்திருந்த நாட்களில் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் கேட்டதுதான். மேளம் முன்னே போய்விடும், அவள் அவசரப்படாமல் பின்னால் வருவாள். தாளம் தப்புகிறது என்று முதலில் குறை சொன்னார்களாம். இன்று பாடுகிறவர்கள் அந்தத் தாமதத்தைத்தான் உட்கார்ந்து பயில்கிறார்கள். ஆதினி முனகுவதும் டெல்லாவின் குரலுக்கு மட்டும்தான். டெல்லா பாடிய ஒரு நிலவறை இப்போது இலங்கையர் பலசரக்குக் கடை ஒன்றின் கீழ்த்தளம் என்று அந்த நிகழ்ச்சியில் சொன்னார்கள்.

நாங்கள் இருக்கும் சார்செலில் காலை 10.12க்கு ரயில். பாரிஸின் கார் து நோர் நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம், டிக்கெட் 2.50 யூரோ, ஆதினிக்கு இலவசம். அங்கிருந்து எட்டு நிமிட நடை; தள்ளுவண்டியோடு பன்னிரண்டு (நடைபாதையில் பாதி முருங்கைக்காய்ப் பெட்டிகள்).

ஒரு பாட்டுக்காரி முன்பு பாடிய கீழ்த்தளத்தைப் பார்க்கலாமா என்று கடையில் கேட்டேன். "கீழை அரிசி மூட்டைதான் கிடக்கு தங்கச்சி," என்றார் கடைக்கார அண்ணை. "செருப்பைக் கழட்டிப்போட்டு இறங்குங்கோ, சாமிப்படம் இருக்கு."

பதினான்கு படிகள். மூட்டைகளுக்கு மேலே, லட்சுமிக்குப் பக்கத்தில், டெல்லா. பிளாஸ்டிக் மாலை, நெற்றியில் சந்தனப் பொட்டு, சின்ன மின்விளக்கு.

"அண்ணை, இவதான் நான் சொன்ன பாட்டுக்காரி."

"இவவோ? கடை எடுக்கேக்கை படம் சுவரிலை கிடந்தது. செத்துப்போன கட்டிடச் சொந்தக்காரியாக்குமெண்டு நினைச்சன். கழட்டினா கோவிப்பா எண்டு பொட்டு வைச்சிட்டன்."

மேலே காசு மேசையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "பதினொரு வருசம் கும்பிட்டும் வாடகை குறையேல்லை. நான் அப்பவே யோசிச்சனான்."

"இனிக் கழட்டுறதோ?" என்று அண்ணை என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். "ஓம், பழகிப்போச்சு," என்றார்.

கைபேசியில் டெல்லாவின் பாட்டைப் போட்டேன். ஆதினி ஒரு மூட்டையில் உட்கார்ந்தாள். நடுவில், இசை போய்க்கொண்டிருக்க, டெல்லா வராமல் நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஆதினி காத்திருந்தாள். டெல்லா வந்த அதே கணத்தில் முனகினாள். "அம்மா சொல்லு குஞ்சு," என்றேன், வழக்கம்போல் அவசரப்பட்டு. அவள் நிறுத்திவிட்டாள்.

"எங்கடை பெடியனும் பிந்தித்தான் பேசினவன்," என்றார் அண்ணை. "இப்ப வாயை மூடச் சொல்லிக் கெஞ்சுறம்."

"எத்தினை வயசிலை அண்ணை?"

"அது ஆருக்கு ஞாபகம்."

எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

போகிறவர்கள் பதினொரு மணிக்கு முன் போங்கள், பிறகு நெரிசல். தள்ளுவண்டியை மேலே விட வேண்டும். இலகுவில் கழற்றக்கூடிய செருப்பு நல்லது. கடையில் விற்கும் பொரித்த ரோல்ஸ் 1.50 யூரோ, பிள்ளைகளுக்குக் காரம்.

திரும்பும் ரயிலில் ஆதினி ஜன்னலோடு முனகிக்கொண்டே வந்தாள். டெல்லாவின் வாத்தியக்காரர்களுக்கு அவள் வந்துவிடுவாள் என்று தெரியும், அதனால் காத்திருந்தார்கள். ஆதினி விஷயத்தில் எனக்கு அது தெரியாது. அந்த முனகலில் 'அம்மா' எப்படி ஒலிக்கும் என்று மட்டும் தினமும் நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் பிந்திப் பேசிய பிள்ளை இருந்தால், எந்த வயதில், முதல் சொல் என்ன என்று எழுதுங்கள். புதன்கிழமைக்கு முன் எழுதுங்கள்.