காதர் பாய் பெட்டியின் நம்பர்

கொள்ளிடத்தில் பழைய இரும்புப் பாலம் வெள்ளத்தில் விழுந்ததே, அந்த வருஷம். ஊர் முழுக்கச் சேற்று வாசனை. பெரிய கடைவீதியில் காதர் பாயின் அத்தர் கடைக்குள் மட்டும் மல்லிகை வாசனை...

அங்கேதான் தினமும் சாயங்காலம் நாங்கள் நாலு பேர் உட்காருவோம். காதர் பாய், ஸ்ரீரங்கத்துச் சேஷாத்ரி சாமி, கே.கே. நகர் ராஜமாணிக்கம், நான். புத்தூரில் ஒரு டாக்டரிடம் பிரஷர் பார்க்கப் போய், டோக்கன் வரிசையில் ஒட்டிக்கொண்ட சிநேகம்.

நான் காந்தி மார்க்கெட்டில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவன். எழுத்து வராது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் டைப் செய்கிறாள். அன்று என்னிடம் இருந்தது பட்டன் போன். அவர்கள் மூவரிடமும் டச் போன்.

பாலம் விழுந்த அன்று, "வாங்கய்யா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றேன்.

ரிட்டயர்டு கண்டக்டர் ராஜமாணிக்கம் தலையே நிமிரவில்லை. "இருங்க முருகேசண்ணே, இதுலயே தெளிவா விழுது. நாலு தடவை பாத்தாச்சு."

நாலு பேர் உட்கார்ந்திருப்போம். நான் மட்டும் தனியாக இருப்பேன்.

அந்த மாதம் மூவருக்கும் பிரஷர் எகிறியது. எனக்கு மட்டும் சரியாக இருந்தது. டாக்டர் கடுப்பாகிவிட்டார். "ஏழு நாள் போனைத் தொடாம இருங்க. அப்புறம் மாத்திரையைக் கூட்டறதா கொறைக்கிறதான்னு பார்ப்போம்."

ராஜமாணிக்கத்தின் சம்சாரம், "ஏழு நாளு என்ன, ஏழு மாசம் வெச்சுக்கச் சொல்லுங்க" என்று உடனே சம்மதித்துவிட்டது.

திங்கட்கிழமை மூன்று போனும் காதர் பாயின் துபாய் சூட்கேசுக்குள் போயின. மூன்று சக்கரத்தைத் திருப்புகிற நம்பர் பூட்டு. யாரும் ஊகிக்க முடியாதபடி ஒரு நம்பரை வைத்தவர் சேஷாத்ரி சாமி. ஆபீஸில் ஃபைல் பார்த்தவர், எதிலும் ஜாக்கிரதை.

செவ்வாய்க்கிழமையே ராஜமாணிக்கத்துக்குக் கை நமநமத்தது. "சாமி, ஒரே ஒரு தடவை. நம்பரைச் சொல்லுங்க."

"மறந்துடப்படாதேன்னு போட்டோ எடுத்து வெச்சிருக்கேனே" என்று சாமி சட்டைப்பையில் கையை விட்டார்.

விட்ட கை வெளியே வரவில்லை.

போட்டோ போனுக்குள். போன் பெட்டிக்குள்.

"ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தார் ராஜமாணிக்கம். காதர் பாய் பெட்டி மேல் குப்புற விழுந்தார். "பன்னெண்டு வருஷம் வெயில்ல கெடந்து வாங்கிட்டு வந்த பொட்டி. மொதல்ல என்னைக் குத்துங்க, அப்புறம் அதைக் குத்தலாம்!"

எனக்கு எழுத்துதான் வராது, எண் வரும். மார்க்கெட்டுக்கு வந்த லாரி நம்பர்கள் இன்றைக்கும் தலையில் இருக்கின்றன. சாமி சக்கரத்தைத் திருப்பியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு... ஒண்ணு... ஏழு.

வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து வேறு வழியில்லாமல் மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். சாமி கேட்டார், "ஏன் முருகேசு, உம்ம ஆத்துக்காரி பேரு என்ன?"

அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். எங்கள் சிநேகத்துக்கு எட்டு வருஷம். அன்றுதான் கேட்டார்கள். "செல்லம்மா" என்றேன். வந்த நம்பரை விழுங்கிவிட்டேன்.

மூன்று நாள்! காவிரிப் பாலத்தில் நின்று தண்ணீர் பார்த்தோம். ராஜமாணிக்கம் மணப்பாறை வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பாகக் கூவிக் காட்டினார். கடைக்கு வந்த ஆட்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த காதர் பாய் பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். வாராவாரம் அந்த நேரத்துக்கு ஷார்ஜாவிலிருந்து பேத்தி வீடியோவில் வருவாள். வீட்டில் அவர் ஒண்டி. மகள் நம்பரும் பெட்டிக்குள்தான். "புள்ள தேடும்ணே..." என்றார். அவ்வளவுதான்.

"நான் சும்மா திருகிப் பாக்கறேன்" என்று பெட்டியை மடியில் வைத்தேன். சந்தேகம் வரக்கூடாது என்று இரண்டு தடவை தப்பாகத் திருகினேன். மூன்றாவதில் டக்.

"பெருமாள் கிருபை!" என்றார் சாமி. "அல்லாவே!" என்றார் பாய். "நமக்கு வாய்ச்ச அதிர்ஷ்டம்ணே நீங்க!" என்று கட்டிப்பிடித்தார் ராஜமாணிக்கம்.

சார்ஜ் ஏறுகிறவரை நாலு தலையும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. "நன்னா, எங்க போயிட்டீங்க?" என்று கேட்டது பிள்ளை. பாய் அழுதார். நான் தெருவைப் பார்த்தேன்.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது மூவருக்கும் பிரஷர் இறங்கியிருந்தது. எனக்கு மட்டும் ஏறியிருந்தது. டாக்டருக்குக் காரணம் புரியவேயில்லை.

இன்று என்னிடமும் டச் போன். மகன் வாங்கிக் கொடுத்தது. விடிந்ததும் அதில் ஒரு பெருமாள் படம் வரும். கீழே எழுதியிருப்பது எனக்குத் தெரியாது. படம் வந்தால் அனுப்பியவர் எழுந்துவிட்டார், அது போதும். ஒரு நாள் எட்டு மணி வரைக்கும் வரவில்லை, நான் ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்கே கிளம்பிவிட்டேன்.

அந்த நம்பர் எனக்கு முதல் நாளே தெரியும் என்று இன்றுதான் சொல்கிறேன். காதர் பாயிடம் சொல்லவில்லை, ராஜமாணிக்கத்திடமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் போய்விட்டார்கள். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட இனி ஒருவர்தான் பாக்கி.

ஸ்ரீரங்கத்துச் சேஷாத்ரி சாமி.