குதிரைக்குட்டி விவசாயமில்லை

பந்தல்குடிக்கு மேற்கே செல்வலட்சுமிக்கு எட்டு ஏக்கர் மானாவாரி. மழை பொய்த்த ஒரு வருஷம், கணவர் வீரபாண்டி தடுத்தும் கேளாமல், அந்தியூர் சந்தையில் இரண்டு லட்சத்துக்கு ஒரு மார்வாரிப் பெட்டைக் குதிரையை வாங்கி வந்தாள். சிட்டு என்று பேர் வைத்தாள். ஆறு வருஷத்தில் கொட்டகையில் நான்கு பெட்டைகள் நின்றன.

போன வருஷம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மூன்று குட்டிகளை ஒன்பது லட்சத்துக்குக் கொண்டுபோனார். பணம் பேங்குக்கு வந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் வருமானவரிக் கணக்கில் அதை விவசாய வருமானம் என்று பதிந்து கொடுத்தார்கள். பெரும்பகுதியைப் போர்வெல் போட்டும் வேலி அடைத்தும் செலவழித்த பிறகுதான் வருமானவரி நோட்டீஸ் வந்தது.

அருப்புக்கோட்டையில் ஆடிட்டர் ரேணுகாதேவி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அக்கா, குட்டி வித்த பணம் விவசாயத்துல சேராது. அது தொழில். வரி உண்டு.”

“எங்க காட்டுச் சோளத்தட்டையத்தான மேடம் தின்னுச்சு?”

“தட்டைய வித்திருந்தா வரியில்ல. தின்னுட்டுக் குட்டி போட்டா வரி.”

செலவுகளைக் கழித்துப் பார்க்கலாம் என்று ஆடிட்டர் தாளை எடுத்தார். தீவனம், டாக்டர், மருந்து என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

“அந்த வருஷம் குதிரை ஏதாச்சும் செத்துச்சா?”

“சிட்டு. மார்கழியில வயிறு உப்பிப் போயிருச்சு.”

“குட்டிக்குன்னு வச்சிருந்த குதிரை செத்தா, வாங்குன விலையக் கழிக்கலாம். ஆனா ஒடம்ப வித்து எவ்வளவு வந்துச்சுன்னு காட்டணும்.”

“எதை வித்து?”

“செத்த ஒடம்ப.”

செல்வலட்சுமி எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. வாசல்வரை போய்ப் படியில் நின்றாள். பஸ்கள் போவது தெரிந்தது, சத்தம் காதில் விழவில்லை. திரும்பி வந்தபோதும் உட்காரவில்லை.

“விக்கல மேடம். ஜேசிபி வச்சுக் குழி வெட்டினோம். மாலை போட்டுத்தான் பொதச்சோம்.”

ரேணுகாதேவி தாளில் உடம்பு விற்ற தொகைக்கு நேரே ஒரு பூஜ்யம் போட்டார்.

“ஜேசிபி பில்லு இருக்காக்கா?” என்றார் மெல்ல.

அன்று வீட்டில், “என்ன கேட்டாக?” என்றார் வீரபாண்டி.

“வரி கட்டணுமாம்.”

சிட்டுவின் இரண்டு லட்சம் கழிந்ததில் வரி பாதிக்குமேல் குறைந்தது. மிச்சத்தை வட்டியோடு கட்டினாள். குறைந்ததே என்று வீரபாண்டி சந்தோஷப்பட்டார். எப்படிக் குறைந்தது என்று அவர் கேட்டபோது, செல்வலட்சுமி கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.