பின்னறைக்கு எட்டாத வயர்

நியூ ஜெர்சியில் என் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே அலுவலகக் கடிதங்களை வாசிக்கிறேன். மடிக்கணினியில் ஒரு வயரும் இல்லை. பக்கவாட்டில் சீட்டுக்கட்டின் சீட்டளவு கார்டு ஒன்று செருகியிருக்கிறது. கூடத்து அலமாரியில் வயர்லெஸ் ரவுட்டர் என்னும் சின்னப் பெட்டி. இரண்டும் காற்றிலேயே பேசிக்கொள்கின்றன. வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கணினியோடு எழுந்து நடக்கும்போது இன்னமும், எதுவோ இழுபடப்போகிறது என்று கால் தயங்குகிறது.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு ஆடம்பரமாகத் தோன்றும். இந்த 1999 ஜூனில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பாறசாலையில் எஸ்தர் அக்காவுக்கு உடம்பு மோசம் என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தார். அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட். புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது. தினமும் மூன்று மணி நேரம் அங்கிருந்து வேலை பார்ப்பதானால் போகலாம் என்றார் மேலதிகாரி. கணினிக் கடைக்காரர் இரண்டு வழி காட்டினார். ஒன்று, டெலிபோன் வயரை நேராகக் கணினியில் செருகும் மோடம் கார்டு. மற்றது புதுவகை: டெலிபோன் வயர் ரவுட்டரோடு நின்றுவிடும், கணினியை எந்த அறைக்கும் கொண்டுபோகலாம். "வேலை செய்யும்போது வீட்டுக்குள் நடமாடுவீர்களா?" என்று கேட்டார். பாறசாலையின் மூன்றறை வீட்டில் எங்கே நடமாடுவது? ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்வேன் என்று சொல்லி மோடம் கார்டை வாங்கிக்கொண்டேன்.

பாறசாலை வீட்டில் டெலிபோன் முன்னறையில் இருந்தது. அக்காவைக் குளியலறைக்குப் பக்கமாகப் பின்னறையில் கிடத்தியிருந்தார்கள். நடுவே வெட்டுகல் சுவர். நியூ ஜெர்சியில் காலை ஆபீஸ் திறக்கும்போது பாறசாலையில் விளக்குப் போடும் நேரம். முதல்நாளே அக்கா கேட்டாள்.

"அந்தப் பெட்டிய இஞ்ச கொண்டு வந்துகூடாதா மக்கா?"

"வயர் எத்தாது அக்கா. முடிஞ்ச ஒடனே வாறேன்."

"நீ எங்கிட்ட பேசண்டாம். இஞ்ச இருந்து அடிச்சா போதும். டைப் சத்தத்த கேட்டுக்கிட்டு கிடப்பேனாக்கும்."

அண்ணன் நீள வயர் வாங்கிவந்து ஒட்டுப்போட்டுப் பார்த்தார். மழைக்காலம், லைன் ஏற்கெனவே இரைந்துகொண்டிருந்தது. ஒட்டுப்போட்ட வயரில் ஐந்து நிமிடம்கூடத் தொடர்பு நிற்கவில்லை. மறுபடியும் முன்னறைக்கே போனேன். பதினேழாம் நாள் அனுப்ப வேண்டியிருந்த கோப்பு பெரியது. பாதியில் இரண்டு முறை அறுந்து, மூன்றாவது முறை அனுப்பிக்கொண்டிருந்தேன். பின்னறையில் அக்காவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த மைனி, அண்ணன் மனைவி, கதவருகே வந்து நின்றாள்.

"ஒன்ன விளிக்கா. வா."

"இது போகட்டும் மைனி. பாதி போயாச்சு. இப்பம் வாறேன்."

கொஞ்ச நேரம் கழித்து மைனி மறுபடி வந்தாள். என் தோளில் கைவைத்தாள். நான் ஓடிப்போனபோது அக்காவின் கையில் சூடு இருந்தது. அது மட்டும்தான் இருந்தது.

"என்னத்துக்கு விளிச்சா மைனி?"

"ஒண்ணுமில்ல. நீ வந்து பக்கத்துல இரிக்கட்டும்னு சொன்னா. அவ்வளவுதான்."

சபைக் கல்லறைத் தோட்டத்தில் அக்காவை அடக்கம் செய்தோம். நான் அனுப்பிய கோப்பை அந்த வாரம் முழுவதும் யாரும் திறந்தே பார்க்கவில்லை என்பது திரும்பி வந்தபின் தெரிந்தது. யாரிடமும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. போகட்டும் என்று எழுந்திருக்காதவள் நான்தானே.

குளிர் தொடங்கியதும் அதே கடைக்குப் போனேன். இந்த முறை வேறொருவர், இளைஞர். ரவுட்டரும் கார்டும் ஒரே கம்பெனியாக இருந்தால் தொல்லையில்லை என்றார். எத்தனை அறை என்று கேட்டார். மூன்று என்றேன். சுவர்? கல் என்றேன். எவ்வளவு கனம்? இரண்டு கையையும் அகட்டிக் காட்டினேன். இந்த ஊரில் அப்படியொரு வீடா என்று வியந்தவர், அக்கறையாக ஒரு தாளில் படம் போட்டார். "சுவருக்குப் பின்னால் வைக்காதீர்கள். நடுக்கதவுக்கு நேராக வையுங்கள். கதவு திறந்திருந்தால் போதும், பின்னறைக்குத் தாராளமாகக் கிடைக்கும்." என் கண் நிறைந்துவிட்டது. பொருத்துவதற்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "கடினமே இல்லை, நீங்களே செய்துவிடலாம்" என்று தேற்றினார். அவர் படம் போட்டது எந்த வீட்டுக்கு என்று நான் சொல்லவில்லை. இங்கே நான் இருக்கும் வீட்டுச் சுவர் வெறும் பலகை.

இதற்கிடையில் அண்ணன் எழுதியிருந்தார்: டெலிபோன் அக்கா பேரில் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடவா? வேண்டாம், என் பேருக்கு மாற்றுங்கள் என்று காகிதங்களில் கையெழுத்திட்டு அனுப்பினேன். போன வாரம் மாறியது. வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணனும் மைனியும் பக்கத்து வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த எண்ணைச் சுழற்றினேன். மணி நெடுநேரம் அடித்தது. மைனி ஓடிவந்து பூட்டைத் திறந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. லைன் முழுக்க இரைச்சல்.

"ஆராக்கும்?"

என் பெயரைச் சொன்னேன். யாரோ என்னை விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள் போலும்.

"அவ இஞ்ச இல்ல கேட்டேளா," என்று உரக்கச் சொன்னாள். "அமெரிக்காவுலயாக்கும். எப்பம் வருவான்னு தெரியாது."