வளையல் சத்தத்தோடு வந்த ரெக்கார்டிங்

பியானோ சொல்லிக்கொடுக்க இசை ஞானம் கொஞ்சம் இருந்தால் போதும், போலீஸ் மூளைதான் நிறைய வேண்டும். மைசூரு அக்ரஹாரத்தில் என் வீட்டு முன்னறையில் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளை வீட்டில் வாசித்துப் பார்க்கிறதா என்று எனக்குச் சந்தேகம். நான் உருப்படியாகச் சொல்லித் தருகிறேனா என்று பெற்றோருக்குச் சந்தேகம். இப்படி ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி காலம் தள்ளும் சக டீச்சர்களே, பெற்றோர்களே, இது நமக்குள் இருக்கட்டும்.

தூசி இல்லாத கீபோர்டு

ஒரு மாணவன் தினமும் வாசிக்கிறேன் என்று சத்தியம் செய்வான். வகுப்பிலோ, பாடத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் விரல்கள் தடுமாறும். அவர்கள் வீட்டுப் பக்கம் போன ஒரு நாள், சும்மா எட்டிப் பார்ப்பதுபோல் உள்ளே நுழைந்தேன். கீபோர்டு மேல் இஸ்திரி போட்ட துணிகள் மலையாக அடுக்கியிருந்தன. "தினமும் கீபோர்டைத் தொடுகிறானா?" என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு வந்ததே கோபம்.

"என்ன மிஸ் இப்படிக் கேட்டுட்டீங்க? நான் தினமும் தொடச்சு வெக்கிறேன். ஒரு தூசி கண்டுபிடிங்க, பாக்கலாம்!"

அதே பாட்டு

பிரணிதாவுக்கு ஒன்பது வயது. அவள் அப்பா ரங்கசாமி கொள்ளேகால்காரர், நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை. அம்மா மல்லிகா மகளை அழைத்து வந்து, வகுப்பு முடியும்வரை கதவோரம் உட்கார்ந்திருப்பார். வாயே திறக்க மாட்டார்.

லீவு நாளில் ரங்கசாமியும் வருவார். கையைக் கட்டிக்கொண்டு, பியானோவை விட்டுவிட்டு என்னைக் கவனிப்பார். ஒரு நாள் தொண்டையைச் செருமினார். வீட்டில் மகள் கீபோர்டு முன்னால் உட்காரவே அழுகிறாளாம், இப்படியே போனால் வகுப்பை நிறுத்திவிடப் போகிறாராம். விரல் பழக நாளாகும் என்று விளக்கினேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை.

"போன மாசமும் இதே பாட்டுத்தானுங்க. புள்ளைக்கு வரலீங்களா, இல்ல டீச்சருக்கே இதுக்கு மேல தெரியாதுங்களா?"

வெறுங்கை

அதன்பிறகு ரெக்கார்டிங் வர ஆரம்பித்தது. மகள் வீட்டில் வாசித்தது என்று மல்லிகா எனக்கும் கணவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பிசிறில்லாத வாசிப்பு. ரங்கசாமி நிறுத்தும் பேச்சையே விட்டுவிட்டார். ஆனால் அதையே வகுப்பில் வாசிக்கச் சொன்னால் பிரணிதா திருதிருவென்று விழிப்பாள்.

நெட்டிலிருந்து எடுத்ததோ என்று ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். வாசிப்போடு சேர்ந்து கண்ணாடி வளையல் சிணுங்கியது. அடுத்த வகுப்பில் பிரணிதாவின் கைகளைப் பார்த்தேன். வெறுங்கை. கதவோரம் பார்த்தேன். மல்லிகா தன் கைகளை மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே, மகள் பள்ளிக்குப் போனபின் வாசித்துப் பழகியிருக்கிறார். "அவ வாசிக்கலன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாரு மிஸ், அந்தப் பயம்" என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்காமலே இப்படி வாசிக்கிறாரே என்று மலைப்புதான் வந்தது. நீ ஏன் வாசிப்பதில்லை என்று மகளிடம் கேட்டேன்.

"அம்மா பின்னாடியே நின்னுட்டு தப்பு தப்புன்னு சொல்வாங்க மிஸ். தப்பா வாசிக்கவே விடமாட்டாங்க."

நாலு கை

இனி பின்னால் நிற்காமல் பக்கத்தில் உட்காருங்கள் என்று மல்லிகாவிடம் சொன்னேன். நீங்களும் சேர்ந்து வாசியுங்கள், அவள் உங்களைத் திருத்தட்டும், அவள் தப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். அரைமனதாகத் தலையாட்டினார். செய்வாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்து வந்த ரெக்கார்டிங் ஒரே கந்தல். நாலு கைகள் முட்டிக்கொள்கின்றன, இருவரும் சிரிக்கிறார்கள். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி, பாதிக் கன்னடத்தில் பிரணிதா அம்மாவை மிரட்டுகிறாள்.

"அம்மா, தப்பாச்சு! இன்னொந்து சல!"

பியானோவுக்கு அடியில்

அதைக் கேட்ட ரங்கசாமி குடும்பத்தோடு வந்து நின்றார். சுத்தமாக வாசித்துக்கொண்டிருந்த பிள்ளையை நான் கெடுத்துவிட்டேனாம். சொல்வதா வேண்டாமா என்பது மல்லிகாவின் முடிவு என்று நான் பேசாமல் இருந்தேன். அவரே, "முன்னாடி வாசிச்சது நானுங்க" என்றார்.

"நீயா?" என்றார் ரங்கசாமி.

மல்லிகா பியானோ முன் உட்கார்ந்து வாசித்தார். போகப் போக முதுகு நிமிர்ந்தது. பிரணிதா ஓடிப்போய் ஒட்டி உட்கார்ந்து இடதுகைப் பகுதியை எடுத்துக்கொண்டாள். தப்பு வந்தது. யாரும் நிறுத்தவில்லை. ரங்கசாமி குனிந்து பியானோவுக்கு அடியில் பார்த்தார், சுற்றிப்போய்ப் பின்னாலும் பார்த்தார். பிறகு கதவோர நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவியின் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல், என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நெசமாலுமே அவதானுங்களா, இல்ல சுவிட்ச் எங்கயாச்சும் இருக்குதுங்களா?"

பிள்ளை கற்றுக்கொள்கிறது என்று பெற்றோரை நம்பவைப்பதைவிட, பெற்றோரையே பியானோ முன் உட்காரவைப்பது எவ்வளவோ சுலபம்.