வரிசையில் கடைசியாக வந்த சவரிமுத்து சார்

சென்ற வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் கிளம்ப, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். சவரிமுத்து சாரின் மருமகன் வாசலில் வந்து நின்றார். "மாமா விடியக்காலம் தவறிட்டாங்க" என்றார். நெஞ்சுவலியாம். சைக்கிள்காரர் இறந்தார் என்றால் எந்த வண்டி இடித்தது என்றுதான் திருச்சியில் முதலில் கேட்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கட்டிலில் படுத்தபடியே போய்விட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் தபால் பிரிவு அவருடையது. வீடு திருவானைக்காவலில். அங்கிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் கண்டோன்மெண்டுக்கு சைக்கிள் மிதிக்கிற நாங்கள் ஐந்து பேர் ஒரு செட்டு. காவிரிப் பாலத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போவோம். பின்னால் பெரிய வண்டி வந்தால் கடைசி ஆள் இரண்டு முறை பெல் அடிக்க வேண்டும். மற்றவர்கள் ஓரம் ஒதுங்குவோம். அந்தக் கடைசி இடத்தை சார் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"நீங்க முன்னாடி போங்க ராகவன். உங்களுக்குப் பொறுமை பத்தாது" என்பார்.

உண்மைதான். எனக்கு மூக்கின் மேல் கோபம். ஒருமுறை சிந்தாமணி அருகே ஒரு கார் என்னை உரசிவிட்டுப் போக, விரட்டிப் பிடித்து அதன் கண்ணாடியைச் சைக்கிள் பம்பால் உடைத்தேன். மற்றவர்கள் முதுகில் தட்டினார்கள். சார் மட்டும், "கண்ணாடி என்னங்க பண்ணுச்சு, பாவம்" என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதச் சாயங்காலம். வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். எதிர்க்காற்று. பாலம் முடிகிற இடத்தில் பெல் சத்தம் கேட்கவில்லை. சைக்கிள் விழுகிற சத்தம்தான் கேட்டது. நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு மூன்று வண்டிகள் எங்களைக் கடந்துவிட்டன. சார் சாலையில் கிடந்தார். அவர் கால் கோணலாக மடங்கியிருந்தது. ஒருவரை அவருடன் விட்டுவிட்டு மூன்று பேர் விரட்டினோம்.

மாம்பழச்சாலை நெரிசலில் ஒரு நீல வேன் சிக்கி நின்றது. "இதான், இதான்" என்றார் என்னோடு வந்தவர்களில் ஒருவர். டிரைவரைச் சட்டையைப் பிடித்து இறக்கினேன். ஒல்லியான ஆள். பம்பால் முகத்தில் அடித்தேன். உதடு கிழிந்தது. அவர் கீழே சரிந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் கல்லைத் தூக்கினான். "வண்டியைக் கொளுத்துங்கடா" என்றான் இன்னொருவன். நான் மறுபடியும் கை ஓங்கினேன்.

அப்போது சாரை ஒரு குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. வேனைப் பார்த்தார். கீழே கிடந்தவரைப் பார்த்தார்.

"இந்த வண்டி இல்லீங்க. என்னை இடிச்சது லாரி. அது போயிடுச்சு."

கல் கீழே விழுந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது. என்னோடு வந்தவர்களும் நைசாக நழுவினார்கள்.

"ராகவன், அவரைத் தூக்கி விடுங்க. பெரியாஸ்பத்திரி போகணும். இவர் வண்டியிலேயே போயிடுவோம்."

உதட்டு ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே அந்த ஆள் ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

தப்பே செய்யாதவரை அடித்துவிட்டேன் என்ற நினைப்பு என்னைத் தின்றது. அதன் பிறகு எத்தனையோ வண்டிகள் உரசிவிட்டுப் போயின. நான் கை ஓங்கியதில்லை. சார் சில மாதங்களில் லேசாக விந்தியபடி வேலைக்குத் திரும்பினார். பழையபடி வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டார். அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால், "விடுங்க ராகவன்" என்பதோடு சரி.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் என் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். உதட்டில் தழும்பு. அடையாளம் தெரிந்ததும் மறுபடியும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்காதீங்க சார். இடிச்சது நான்தாங்க. அவருக்கும் அது தெரியும்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த டிரைவர் மேல் அல்ல, சார் மேல். இத்தனை வருஷம் என்னைக் குற்றவாளியாக அலையவிட்டாரே என்று. பிறகுதான் அந்தக் கல்லும் ஓங்கிய என் கையும் நினைவுக்கு வந்தன. அன்று அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும். அதை எடுத்தவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன்.

இருவரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம்.

போய் வாருங்கள் சார். அந்தப் பொய்க்காகச் சாமியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டீர்களோ என்னவோ. கேட்டிருக்க வேண்டியதில்லை.