ஞானமும் சுண்ணாம்பு தடவாத பானையும்

ஞானம் போய்விட்டாள். காலையில் அவள் மகன் போன் செய்து சொன்னான்.

தொண்ணூற்றெட்டு வயது. எனக்கும் அதேதான். அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு சிரிப்பாக வருகிறது... மன்னித்துவிடுங்கள் ஃபிரெண்ட்ஸ். ஒற்றை விரலால் டைப் செய்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முப்பதுகளின் கடைசி. முட்டம் லைட்ஹவுஸ் பக்கம் ஒரு டாக்டருக்கு இரண்டு காட்டேஜ் இருந்தது. லீவுக்கு வருகிறவர்களுக்குச் சமையல், கவனிப்பு எல்லாம் ஞானத்தின் அம்மாதான். அதே காம்பவுண்டில் ஒரு அறையில்தான் அவர்கள் குடியிருந்தார்கள்.

அந்த ஈஸ்டருக்கு இரண்டு காட்டேஜும் ஃபுல்! அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குக் காய்ச்சல். டாக்டருக்குத் தெரிந்தால் வேறு ஆள் போட்டுவிடுவார்... வேலையும் போகும், வீடும் போகும்.

"ஏட்டி, நாம ரெண்டு பேரும் நடத்துவோம். வாறியா?" என்றாள் ஞானம். பதினோரு வயது எங்களுக்கு! நான் ஒரே ஓட்டமாக ஓடினேன்.

ஒரு காட்டேஜில் ஒரு இளம் ஜோடி. நாங்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. மற்றதில் திருவனந்தபுரத்து ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. ஊர் ஊராகப் போய் கள்ளுக்கு எதிராக மேடையில் பேசுகிறவர்.

"அம்மை எங்கே?" என்று கேட்டார். "கல்யாண வீட்டுக்குப் போயிருக்கு" என்றாள் ஞானம்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் எங்கள் சர்ச்சில் கல்யாணமே கிடையாது! அந்த அம்மா கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். "எல்லாம் புக்கில் எழுதுவேன்" என்றார். விருந்தினர் எழுதிவிட்டுப் போகும் அந்தப் புக்கை டாக்டர் ஒரு வரி விடாமல் படிப்பார்.

மறுநாள் குழம்பில் அவளும் உப்புப் போட்டாள், நானும் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் வாக்கிங் கூட்டிப் போனோம். செம்மண் மேட்டில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பனங்காடு... காற்றில் பறந்த குடையை விரட்டி ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஓட, நாங்கள் பின்னால் ஓட... அப்படி ஒரு சந்தோஷம்!

பனங்காட்டில் அக்கானி, அதுதான் பதநீர், கேட்டோம். "வெள்ளை பூசுன பானையில இருக்கு, எடுத்துக் குடியுங்க மக்கா" என்று மரத்து உச்சியிலிருந்து பனையேறி கத்தினார். உள்ளே சுண்ணாம்பு தடவிய பானை என்றால் இனிப்பான அக்கானி, தடவாத பானை என்றால் கள். எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்கும் இது தெரியும்.

பானை வந்தது. ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தோம்.

"நல்ல மதுரம்! இன்னும் ஒண்ணு கூடித் தா மோளே" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. மூன்று பட்டை! திரும்பும்போது வழியெல்லாம் கீர்த்தனை பாடினார்... கை தட்டி, சத்தமாக!

படுக்கையிலிருந்த ஞானத்தின் அம்மாவுக்கே பாட்டு கேட்டது. நாங்கள் கொண்டுவந்த பட்டையை வாங்கி மோந்து பார்த்தாள்.

"அய்யோ, கள்ளு! குடி கெட்டுச்சே! பானையை எடுத்தது யாருட்டி?"

"நாந்தான்" என்றாள் ஞானம். அகப்பைக் காம்பால் மூன்று அடி. காய்ச்சல்காரி அடித்தாலும் அடி அடிதான்.

திங்கட்கிழமை கிளம்பும்போது ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா புக்கை வாங்கி நீளமாக எழுதினார். வண்டி போனதும் பாய்ந்து போய் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தோம்.

அம்மையும் பிள்ளைகளும் அருமையாகக் கவனித்தார்கள், உப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். இவ்வூர் அக்கானியைப் போல் உடம்புக்கு நல்ல பானம் வேறு இல்லை, இனி என் கூட்டங்களில் கள்ளுக்குப் பதிலாக இதைத்தான் குடிக்கச் சொல்வேன்... இப்படி எழுதியிருந்தார்!

வேலை தப்பியது. வீடும் தப்பியது. மணலில் உருண்டு உருண்டு சிரித்தோம்.

போன மாதம் போனில் இதையெல்லாம் பேசி மறுபடியும் சிரித்தோம். ஒன்றை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

பானையை எடுத்தது நான், ஃபிரெண்ட்ஸ். உள்ளே பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். ஞானம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

போயிட்டு வா மக்கா... அந்த மூணு அடியும் எனக்குள்ளது.